யோசனை சொன்னவர் யார்? வன்னித் தொழிலாளரின் சேமலாப நிதியும் நிவாரணமும்

வன்னியில் மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே தடவையில் கைக்கு வரக்கூடிய ஆகப்பெரிய தொகை, பெரும்பாலும் அவர் கண்ணால் கண்டிராத ஒரு கணக்கில் கிடக்கிறது. கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். குழுமத்தின் தொழிற்சாலைகளிலும் வவுனியாவில் ஒமேகா லைனிலும் ஆடை தைக்கும் பெண்களுக்கு இது பொருந்தும். முகமாலையில் கண்ணிவெடி தேடி முழந்தாளிட்டிருப்பவர்களுக்கும், கடைக் காசாளருக்கும், வங்கி வாசலில் நிற்கும் காவலாளிக்கும் பொருந்தும். அந்தக் காசை எப்போது எடுப்பது, எடுக்காமல் விடுவது, எடுத்தால் எங்கே போடுவது என்று யோசனை சொல்ல ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சொன்ன யோசனை பிழைத்துப்போனால் பொறுப்பேற்கத்தான் எவரும் இல்லை. ஏன் இல்லை, இருக்கிற வழிகளால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

இதே சிக்கலைப் பெரிய அளவில் சந்தித்த ஓர் ஊர் தெற்கு வேல்ஸின் போர்ட் டால்பட். உருக்காலையை நம்பி வாழும் நகரம். 2017இல் பிரிட்டிஷ் ஸ்டீல் ஓய்வூதியத் திட்டம் மறுசீரமைக்கப்பட்டபோது, அதன் உறுப்பினர்கள் சில மாதங்களுக்குள் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. புதிய திட்டத்தில் சேர்வதா, ஓய்வூதியப் பாதுகாப்பு நிதியத்தின் கீழ் போவதா, அல்லது ஆயுள் முழுதும் வரவேண்டிய மாத ஓய்வூதியத்தைக் கைவிட்டுத் தன் பங்கை மொத்தத் தொகையாக வெளியே மாற்றிக்கொள்வதா? நிதி ஆலோசகர்கள் ஊருக்குள் இறங்கினார்கள். 7,834 பேர் தங்கள் பங்கை வெளியே மாற்றினார்கள். போன தொகை சுமார் 280 கோடி பவுண். பிறகு பிரித்தானியாவின் நிதி நடத்தை ஆணையம் கோப்புகளை எடுத்துப் பார்த்தபோது, பரிசீலித்த ஆலோசனைகளில் 47 வீதம் அந்தந்தத் தொழிலாளிக்குப் பொருந்தாதவை என்று தெரியவந்தது. ஆலோசனை சொன்ன நிறுவனங்களே பழைய கோப்புகளைத் திரும்பத் திறந்து, பிழையிருந்தால் நட்டத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கவேண்டும் என்ற நிவாரணத் திட்டம் 2023 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

இது எவருடைய இரக்கத்தாலும் கிடைத்ததல்ல. 30,000 பவுணுக்கு மேல் பெறுமதியுள்ள உத்தரவாத ஓய்வூதியத்தை வெளியே மாற்றுவதாயின் உரிமம் பெற்ற ஆலோசகரிடம் ஆலோசனை பெற்றே ஆகவேண்டும் என்று 2015 ஏப்ரலிலிருந்து அங்கே சட்டம் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கடிதம் இருந்தது; கடிதத்தில் ஒரு பெயர் இருந்தது. பெயருக்குரியவரோடு பேசித் தீராவிட்டால் நிதிக் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றிப் போகலாம். நிறுவனம் முறிந்து போயிருந்தால் 85,000 பவுண் வரை ஈடுகொடுக்க இன்னொரு நிதியம் உண்டு. இந்த ஏற்பாடும் ஒரே நாளில் வந்ததல்ல. 1988க்கும் 1994க்கும் இடையில் நல்ல தொழில்வழி ஓய்வூதியங்களிலிருந்து ஆட்களை இழுத்துத் தனியார் திட்டங்களில் சேர்த்த பெரும் மோசடிக்கு, பின்னாளில் ஆயிரம் கோடி பவுணுக்கு மேல் ஈடு கொடுக்கப்பட்டது. அந்தச் சூட்டில் கற்ற பாடங்களே இன்றைய விதிகள். அப்படியிருந்தும் போர்ட் டால்பட் நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

வன்னியில் அந்தக் கடிதமும் இல்லை, அதில் இருக்கவேண்டிய பெயரும் இல்லை. யோசனை தொழிற்சாலை மதிய உணவு மேசையில் பிறக்கிறது. விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கொமினிகேசன் கடையில் உறுதிப்படுகிறது. காப்புறுதி முகவரோ லீசிங் கம்பனி உத்தியோகத்தரோ வீட்டுக்கு வரும்போது முடிவாகிவிடுகிறது. எல்லாம் வாய்ச்சொல்.

மூன்று காசு, மூன்று சட்டம்

பிழையான யோசனைகளில் பெரும்பகுதி கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. மூன்று வெவ்வேறு பணங்களை ஒன்றாகக் குழப்புவதால் வருகிறது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்தவேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம் செலுத்தவேண்டும். பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில் வருகிறது: 15 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்த இடத்தில் ஐந்து ஆண்டு நிறைத்த மாதச் சம்பளக்காரருக்கு, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தின் அரைமாதப் பங்கு.

2025 ஏப்ரலில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக்கப்பட்டது. அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் சேமலாப நிதியத்துக்கு மாதம் 5,400 ரூபாவும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 810 ரூபாவும் சேரவேண்டும். ஐந்து ஆண்டில் முதலாவதில் மட்டும், வட்டி சேராமலே, 3,24,000 ரூபா. வன்னியில் ஒரு குடும்பத்துக்கு இது சின்னக் காசு அல்ல.

இனி வாசல்களைப் பார்ப்போம். ஈ.ரி.எப். எனப்படும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலையை விட்டதும் எடுக்கலாம். ஒருமுறை எடுத்தால் அடுத்த முறைக்கு ஐந்து ஆண்டு பொறுக்கவேண்டும். ஈ.பி.எப். எனப்படும் சேமலாப நிதி அப்படியல்ல. ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது நிறைய வேண்டும். அதற்கு முன் எடுப்பதானால் நிரந்தரமாக உடல் இயலாமற் போயிருக்கவேண்டும், நாட்டைவிட்டே நிரந்தரமாகப் போகவேண்டும், ஓய்வூதியமுள்ள நிரந்தர அரச பதவியில் சேரவேண்டும், அல்லது பெண்ணாயின் திருமணம் காரணமாக வேலையை விட்டிருக்கவேண்டும். வெறுமனே வேலையை விடுவது காரணமாகாது.

"விலகல் கடிதத்தைக் குடுத்தா ஈ.பி.எப். வந்திடும், அக்கா" என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லும் வாக்கியம் ஈ.ரி.எப். விடயத்தில் சரி, ஈ.பி.எப். விடயத்தில் முழுப் பிழை. நாலரை வருடம் வேலைசெய்த ஒருத்தி இதை நம்பி விலகினால் என்ன நடக்கும்? ஈ.பி.எப். அவளது 50 வயதுவரை வராது. ஐந்து ஆண்டு நிறையாததால் பணிக்கொடை ஒரு சதமும் கிடைக்காது. வேலையும் போய்விட்டது. கையில் வருவது ஈ.ரி.எப். தொகை மட்டும். ஒரு எழுத்து மாறியதன் விலை இது. யோசனை சொன்ன சிநேகிதி மீது வழக்குப் போட எவருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆனால் விலகல் கடிதத்தைக் கையில் வாங்கிய மனிதவளப் பிரிவுக்கு ஆறு மாதம் பொறுத்தால் பணிக்கொடை உண்டென்பது தெரியும். அதைச் சொல்லவேண்டிய கடமையை எந்தச் சட்டமும் அதன்மீது சுமத்தவில்லை. நிவாரணத்தின் முதல் ஓட்டை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

திருமணத்துக்குக் கொடுத்த சலுகை

திருமணத்தின் பேரில் ஈ.பி.எப். எடுப்பது சட்டம் கொடுத்த உரிமை. 1958இல் சட்டம் எழுதியவர்கள், பெண் கலியாணம் முடித்தால் வேலைக்குத் திரும்பமாட்டாள் என்று நினைத்தார்கள் போலும். ஆணுக்கு இப்படியொரு வாசல் இல்லை. இன்றைக்கு நிலைமை வேறு. பிள்ளை பிறந்து பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் தாய் திரும்பவும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறாள். போரில் துணையை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் நிறைந்த மாவட்டங்கள் இவை. முதுமைக்கான சேமிப்பு மிகவும் தேவைப்படுகிறவளுக்கே அதை முதலில் கரைக்கும் வாசலைச் சட்டம் திறந்துவைத்திருக்கிறது.

24 வயதில் 3 இலட்சம் ரூபா வைத்திருக்கும் ஒருத்தி அதைத் தொடாமல் விட்டால், ஆண்டுக்கு 9 வீத வட்டியில் 50 வயதில் அது 28 இலட்சத்தைத் தாண்டும். இந்தக் கணக்கை அவளிடம் எவரும் காட்டுவதில்லை. காட்டுகிற கணக்கெல்லாம் கலியாணச் செலவு, தாலிக்கொடி, வீட்டுக்கு ஒரு அறை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 9 வீதம் என்பது விலைவாசி அடங்கிக் கிடக்கும்போதுதான் பெரிது. 2022இல் நிதியம் கொடுத்தது 9 வீதம். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். நுண்கடன் கம்பனிகளின் வட்டிக்கு மத்திய வங்கி விதித்த உச்சவரம்பே 35 வீதம். அப்படியொரு கடன் கழுத்தை நெரிக்கும்போது 9 வீதச் சேமிப்பை எடுத்து அதை அடைப்பது புத்தியான காரியமாகவே இருக்கலாம். ஆகவே 'எடுக்காதே' என்பதும் எல்லோருக்கும் பொருந்தும் யோசனை அல்ல. நல்ல ஆலோசனை ஆளைக் கேட்டு, கடனைக் கேட்டு, வயதைக் கேட்டுச் சொல்லப்படுவது. போர்ட் டால்பட்டில் பிழையென்று தீர்ந்ததும் இதுதான்: மாற்றுவது எப்போதும் தவறு என்பதல்ல, அந்த ஆளுக்கு அது பொருந்துமா என்று பாராமல் சொன்னதே தவறு.

வீட்டுக்காக எடுக்கும் காசிலும் இதே நிலை. 2012ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், பத்து ஆண்டு செலுத்தியவரும் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதி உள்ளவரும் வீட்டுக்காகவோ மருத்துவத்துக்காகவோ 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க இடமளித்தது. அதற்கு முன்பே, 1988இன் திருத்தத்தால், மீதியைப் பிணையாகக் காட்டி வங்கியில் வீட்டுக்கடன் பெறும் வழியும் வந்திருந்தது. கடன் வழியில் தவணை தவறினால் நிலுவை சேமலாப நிதியிலிருந்தே கழிக்கப்படும். இதை விளங்காமல் கையெழுத்து வைப்பவர், வீட்டுக்கடன் கட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டே முதுமையைக் கட்டிக்கொண்டிருப்பார்.

வன்னிக்கே உரிய ஒரு முடிச்சும் இதில் உண்டு. இங்கே காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. அதை உறுதிக்காணி போல நினைத்தபடி ஈடுவைக்க முடியாது. கொழும்பில் ஒருவர் காணியை ஈடுவைத்து வீடு கட்டி, ஈ.பி.எப்.ஐத் தொடாமல் விடுவார். தருமபுரத்திலோ விசுவமடுவிலோ இருப்பவருக்கு ஈ.பி.எப். தவிர வங்கிக்குக் காட்ட வேறொன்றும் இல்லை. கொழும்பில் நல்ல ஆலோசனையாக இருப்பது இங்கே வெறும் பேச்சு.

அரச வேலைக்குப் போகிறவர்

ஓய்வூதிய மாற்றம் என்ற சொல்லுக்கு இலங்கையில் மிக நெருங்கிய பொருள், ஈ.பி.எப். உள்ள வேலையிலிருந்து ஓய்வூதியமுள்ள அரச பதவிக்குப் போவது. பல ஆண்டுகள் அமைய ஊழியராக இருந்துவிட்டு நிரந்தர நியமனம் பெறுவோர் வடக்கில் ஏராளம். நியமனக் கடிதம் கையில் கிடைத்ததும் முதல் யோசனை, "ஈ.பி.எப்.ஐ எடுத்துவிடு, இனிப் பென்சன் இருக்குத்தானே." இருக்கிறதா என்பது வயதைப் பொறுத்தது. மாத ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து ஆண்டுச் சேவை வேண்டும். 2022 தொடக்கத்தில் 65 ஆக இருந்த அரச ஓய்வு வயது அதே ஆண்டின் இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் 60 ஆக இறக்கப்பட்டது. 52 வயதில் நிரந்தரமானவருக்கு முன்பு 13 ஆண்டு இருந்தது. இப்போது 8 ஆண்டுதான். அவரிடம் பழைய கணக்கைச் சொல்லி ஈ.பி.எப்.ஐ எடுக்கவைத்தவர் யாராயினும், அவருடைய முதுமைக்கு இரண்டு பக்கமும் வழியில்லாமல் செய்துவிட்டார். இடம்பெயர்வாலும் போராலும் தாமதமாகவே நிரந்தரமான தலைமுறை இது. தெற்கில் விதிவிலக்காக இருக்கிற ஆள் வன்னியில் அடிக்கடி தட்டுப்படுவார்.

காணாமற்போனவரின் கணக்கு

உறுப்பினர் இறந்தால் அவர் பெயர் குறித்த நியமனதாரருக்கோ சட்டப்படியான உரித்தாளருக்கோ தொகை போகும். இறந்தாரா என்பதே தெரியாவிட்டால்? 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவருக்கு மரணப் பதிவு செய்ய வழிவிட்டது. பல குடும்பங்கள் அதை மறுத்தன. பிள்ளை செத்துப்போனான் என்று தாயே கையெழுத்து வைப்பதைக் கேட்கும் சட்டம் அது. 2016இன் திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது. அதைக் கொண்டு உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் அவருடைய சொத்தைத் தற்காலிகமாக நிருவகிக்கவும் இடமுண்டு. இருந்தும் "மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல் சுருக்காய் முடியும்" என்ற யோசனை ஓயவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராடத் தொடங்கிய தாய்மாரிடம் இதை யோசனை என்று சொல்லமுடியாது. பணத்தால் அளக்கக்கூடிய நட்டத்துக்குத்தான் சட்டம் நிவாரணம் யோசிக்கும். இந்த யோசனையைக் கேட்டு ஒப்பமிட்டவளின் நட்டம் அந்த அளவைக்குள் வராது.

எங்கே போவது

எங்கே சட்டம் பல்லோடு இருக்கிறது என்பதை முதலில் சொல்லவேண்டும். முதலாளி காசைக் கட்டாவிட்டால் தொழில் திணைக்களம் பலமானது. தாமதத்துக்கேற்ப 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விதிக்கலாம். 38ஆம் பிரிவின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் சான்றிதழ் தாக்கல் செய்து குற்றப்பணம் போல அறவிடலாம். தொழிலாளி வழக்கறிஞருக்குக் காசு செலவழிக்கவேண்டியதில்லை. எனவே பிழையான யோசனையால் நட்டப்பட்ட ஒருவர் முதலில் பார்க்கவேண்டியது, தன் கணக்கில் ஒவ்வொரு மாதமும் விழுந்திருக்கிறதா, முழுச் சம்பளத்துக்கும் விழுந்திருக்கிறதா என்பதையே. யோசனை சொன்னவரைப் பிடிக்க முடியாவிட்டாலும் கட்டாத காசைப் பிடிக்கலாம். பெயரின் எழுத்துப்பிழையும் பழைய, புதிய அடையாள அட்டை இலக்கங்களும் ஒரே ஆளை இரண்டு ஆளாக்கிவிடுவதுண்டு. இடப்பெயர்வில் சம்பளத் துண்டுகளைத் தொலைத்தவர்களுக்கு இது பெரிய தலையிடி.

எடுத்த காசை எங்கே போட்டார் என்பது அடுத்த கேள்வி. உரிமம் பெற்ற வங்கியோ நிதிக்கம்பனியோ தவறாக வழிகாட்டியிருந்தால், மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டு நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் உதவும். முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடவேண்டும். தீராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கோ, 2003இலிருந்து இயங்கும் நிதி ஒம்புட்ஸ்மனுக்கோ போகலாம். மத்திய வங்கிக்குக் கிளிநொச்சியிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. காப்புறுதி என்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன். நிறுவனமே விழுந்தால் வைப்புக் காப்புறுதி 11 இலட்சம் ரூபா வரை. 2020இல் த பினான்ஸ் கம்பனியினதும் ஈ.ரி.ஐ.யினதும் உரிமங்கள் இரத்தான அனுபவம் நமக்கு இருக்கிறது. உரிமமே இல்லாத ஆளிடம் கூடுதல் வட்டிக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கதவுகள் ஒன்றும் திறக்காது. பொலிஸ் நிலையம் மட்டுமே மிச்சம்.

மேலே சொன்ன ஒழுங்குவிதிகள் வங்கிகளுக்கும் நிதிக்கம்பனிகளுக்குமாக எழுதப்பட்டவை. சேமலாப நிதியைக் கையாள்வதும் அதே மத்திய வங்கிதான். உறுப்பினர் கணக்குகளும் கொடுப்பனவும் அதன் ஊழியர் சேமலாப நிதியத் திணைக்களத்தில். ஆயினும் நிதியத்தின் உறுப்பினருக்கு வங்கி வாடிக்கையாளருக்குள்ள பாதுகாப்புச் சொல்லப்படவில்லை. நாட்டின் ஆகப்பெரிய ஓய்வுக்கால நிதியம் அது என்பதை நினைத்தால் இந்த இடைவெளி விசித்திரமானது.

திணைக்கள உத்தியோகத்தரே பிழையாகச் சொல்லியிருந்தால்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தன் கோப்பின் பிரதியைக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். நான் இதை எல்லாவற்றுக்கும் முன்னே வைப்பேன். கோப்பு கைக்கு வந்தால்தான் மற்ற எதுவும் நகரும். சமத்துவ உரிமை மீறப்பட்டதென்றால் உயர்நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதமே அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் அலுவலகம் இருக்கிறது. சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை விளங்காமல் காலக்கெடுவைத் தவறவிட்டவர், தமிழில் பதில்பெறும் அரசியலமைப்பு உரிமையைக் காட்டி அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம்.

கடைசியில் குடியியல் வழக்கு. கவனயீனமான சொல்லால் வந்த பணநட்டத்துக்கு வழக்கிட ரோமன்-டச்சுச் சட்டத்தில் கோட்பாட்டளவில் இடமுண்டு. ஆனால் 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம் நட்டஈட்டு வழக்குக்கு இரண்டே ஆண்டு தருகிறது. 24 வயதில் கேட்ட யோசனையின் நட்டம் 50 வயதில்தான் தெரியும். பிரித்தானியாவில் ஆறு ஆண்டு, அதற்குப் பிறகும் நட்டத்தை அறிந்ததிலிருந்து மூன்று ஆண்டு என்று குறைகேள் அதிகாரியின் விதி இருப்பது இதற்காகத்தான். போரினால் நீதிமன்றம் போகமுடியாமற் போனவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் காலவரையறையில் விலக்குத் தந்தது. அதுவும் அசையாச் சொத்துக்கு மட்டும். காணியை நினைத்த சட்டம் உழைப்பின் சேமிப்பை நினைக்கவில்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் இயங்கிய ஒரு காலம் இருந்தது என்பதும் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு நினைவில் வரவில்லைப் போலும்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். இலங்கையில் நடந்த மிகப்பெரிய ஓய்வூதியப் பரிமாற்றத்துக்கு ஒரு உறுப்பினரிடமும் ஆலோசனை கேட்கப்படவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் சேமலாப நிதியம் தன்னிடமிருந்த திறைசேரி முறிகளை நீண்டகால, குறைந்த வட்டி முறிகளாக மாற்றிக்கொண்டது. மாற்றாவிட்டால் முறி வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி. உறுப்பினருக்கு 9 வீத வட்டிக்குக் குறையாது என்று உறுதி தரப்பட்டது. சரியா பிழையா என்பது பொருளியலாளர் வாதம். ஆனால் தனியாளின் 3 இலட்சத்துக்கு யோசனை சொல்ல ஒருவரும் கடமைப்படாத நாட்டில், எல்லோருடைய காசுக்கும் ஒரே இரவில் முடிவெடுக்க முடிந்திருக்கிறது.

லண்டன் உறவினருக்கும் ஒரு வார்த்தை. ஊரில் காணி மலிவாக வருகிறது, பென்சனை உடைத்து அனுப்பு என்று கிளிநொச்சியிலிருந்து அழைப்புப் போவதுண்டு. பிரித்தானியாவில் தனியார் ஓய்வூதியத்தைத் தொடக்கூடிய வயது இப்போது 55; 2028 ஏப்ரலில் அது 57 ஆகிறது. என்.எச்.எஸ். போன்ற நிதிசேர்க்காத அரச திட்டங்களைத் தனிநபர் கணக்குத் திட்டங்களுக்கு மாற்ற 2015இலிருந்தே தடை. வெளிநாட்டுத் திட்டத்துக்கு மாற்றினால் பல சந்தர்ப்பங்களில் 25 வீத வரி விழும். முடியும் என்று எவராவது தமிழில் இனிமையாகச் சொன்னால் அவருடைய உரிமத்தை நிதி நடத்தை ஆணையத்தின் பதிவேட்டில் முதலில் பாருங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர், ஆலோசனை சொன்ன நிறுவனத்திடம் முறையிட்டுத் தீராவிட்டால், குறைகேள் அதிகாரியிடம் தானாகவே போகலாம். முறைப்பாட்டை நடத்தித்தரும் இடைத்தரகு நிறுவனத்துக்குப் பங்கு கொடுக்கத் தேவையில்லை.

போர்ட் டால்பட்டைப் பிழையான ஆலோசனை தேடிவந்ததற்குக் காரணம், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பெருந்தொகையைக் குறித்து அவசரமாக முடிவெடுக்க வேண்டியிருந்ததே. வன்னிக்கும் அப்படியொரு நேரம் நெருங்குகிறது. ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் சேர்ந்தது. கண்ணிவெடிகளை அகற்றி முடிப்பதற்கான கெடு 2028 ஜூன். அந்தப் பணி சுருங்கும்போது முகமாலையிலும் முல்லைத்தீவிலும் வேலையிழப்போர் எல்லோருக்கும் ஒரே காலத்தில் அதே மூன்று காசுக் கேள்வி எழும். அவர்களில் பலர் பெண்கள், பலர் குடும்பத்தின் ஒரே உழைப்பாளிகள். தரகர் அதற்கு முன்பே வந்துவிடுவார்.

கேட்கவேண்டியது பெரிய சீர்திருத்தம் எதுவுமில்லை. விலகல் கடிதம் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் முதலாளி தமிழில் ஒரு தாள் கொடுக்கவேண்டும். மூன்று காசிலும் அன்றைக்குச் சேர்ந்திருப்பது எவ்வளவு, எதை எப்போது எடுக்கலாம், இன்று விலகினால் எது இழக்கப்படும், கணக்கைத் தொடாமல் விட்டால் 50 வயதிலோ 55 வயதிலோ என்னவாகும் என்பவை அதில் இருக்கவேண்டும். கீழே பொறுப்பான உத்தியோகத்தரின் பெயரும் ஒப்பமும் திகதியும். ஈ.பி.எப். கொடுப்பனவு விண்ணப்பத்தோடு அதன் பிரதி இணைக்கப்படாவிட்டால் தொழில் அலுவலகம் விண்ணப்பத்தை ஏற்கக்கூடாது. அந்தத் தாள் பிழையென்றால் முறையிட ஒரு பெயர் கிடைத்துவிடும். சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் தொழில் ஆணையாளர் நாயகம் ஒரு சுற்றறிக்கையால் தொடங்கக்கூடிய வேலை இது. வடக்கின் தொழிற்சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் 2028 ஜூனுக்கு முன் இந்தச் சுற்றறிக்கையைக் கேட்டு வாங்கவேண்டும்.